மூன்றாம் ஓலை

மனித விருப்பத்தைக் கடைசிச் சொட்டு வரைக்கும் மதிக்கிற நிறுவனம் இந்தப் பூமியில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அது சங்கரன்கோவிலில், புளியங்குடி ரோட்டில், பெட்ரோல் பங்கைத் தாண்டி இடது கைப் பக்கம் இருக்கிறது.

இதைச் சொன்னவர் அந்த நிறுவனத்தின் செயலர் ஜெர்சோன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். முப்பத்திரண்டு வருடங்களாக அவர் பேச்சைக் கேட்டவர்கள் எல்லாரும் கைகட்டி நின்றே கேட்டதால், தாம் சொல்வதற்கு மறுப்பு என்று ஒன்று உண்டு என்பது அவருக்குத் தெரியாமலே போய்விட்டது.

நிறுவனத்தின் பெயர் கனிவகம் மாற்றுத்திறன் முதியோர் பராமரிப்பு இல்லம். இருபத்துநான்கு கட்டில்கள். கழிவறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி. சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம். எழுந்து நிற்க முடியாதவரை அலாக்காகத் தூக்கி உட்கார வைக்க ஒரு இயந்திரம். எல்லாம் வந்து இறங்கிய பிளாஸ்டிக் உறையோடு அப்படியே இருந்தன. திறந்து மூன்று வருடமாகிறது. “இங்கன ஒருத்தரைக்கூட அவுக விருப்பம் இல்லாம நாங்க சேத்தது கெடையாது” என்று வருகிற விருந்தினர்களிடம் எல்லாம் ஜெர்சோன் சொல்வார். உண்மைதான். விருப்பத்தோடும் யாரையும் சேர்த்ததில்லை என்பதை விருந்தினர்கள் கட்டில்களைப் பார்த்துத் தாங்களாகவே தெரிந்துகொள்வார்கள்.

இந்த இல்லத்தில் மூன்று மாதம் இருந்துவிட்டு வரலாம் என்று சாம்ராஜ் நினைத்ததில்தான் கதை ஆரம்பிக்கிறது.

சாம்ராஜ் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவர். சிவகிரி வண்டி மூன்று நிமிடம் தாமதமாக வந்தால் டிரைவரை மூன்று நிமிடம் பார்த்துக்கொண்டே இருப்பார், திட்ட மாட்டார். இரண்டு வருடத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. வாய் தப்பித்தது. அன்றிலிருந்து அவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து கழிவறைக்கும், மறுபடி கட்டிலுக்கும் தூக்கியவர் மனைவி சுந்தரபாய். நாளைக்கு எட்டுத் தடவை. அவர் எழுபத்திரண்டு கிலோ, சுந்தரபாய் நாற்பத்தெட்டு. அதன் பலனாகப் போன சித்திரையில் சுந்தரபாய்க்குக் கர்ப்பப்பை கீழே இறங்கிவிட்டது.

திருநெல்வேலியில் டாக்டரம்மா ஆபரேஷனுக்கு நாள் குறித்தார். அதற்குப் பிறகு மூன்று மாதம் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்றார். குடத்தைக் குழாயடியிலேயே வைத்துவிடலாம்; சாம்ராஜை எங்கே வைப்பது? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் இரண்டு தடவை நாள் தள்ளிப்போயிற்று. மூன்றாவதாகக் கிடைத்தது ஆனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. இதையும் விட்டால் இனி ஆடித்தபசுத் திருவிழா கழிந்துதான், அதற்குள் நிலைமை மோசமானால் பொறுப்பில்லை என்று சொல்லி அனுப்பினார்கள்.

கனிவகத்தில் சேர்வது சுலபம் என்றே இருவரும் நினைத்தார்கள். செயலர் ஜெர்சோன் வேறு யாருமில்லை, சுந்தரபாயின் சித்தப்பா மகன்.

“இங்கன நான் செயலர்” என்றார் ஜெர்சோன், முதல் நாளே. “அக்கா தம்பி, அத்தான் மச்சினன் எல்லாம் செருப்போட வெளியில விட்டுரணும். உள்ள விருப்பம் மட்டுந்தான் வரலாம்.”

சாம்ராஜ் செருப்புப் போட்டு இரண்டு வருடமாகியிருந்தது. அப்படியே உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

முதலில் விருப்ப விசாரணை. நாற்பத்தோரு கேள்விகள். ஆறாவது கேள்வி: உங்கள் பிள்ளைகள் உங்களை நேசிக்கிறார்களா? ஆம் எனில், பிறகு ஏன் இங்கே வருகிறீர்கள் என விளக்குக. இல்லை எனில், ஏழாம் பக்கத்துக்குச் சென்று பிள்ளைகளின் கையொப்பம் பெறுக. ஆறைத் தாண்டுவதற்கே மத்தியானம் ஆகிவிட்டது. பன்னிரண்டாவது கேள்வியை ஜெர்சோன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்.

“எதுக்கு இங்கன வர விரும்புதீங்க?”

“சுந்தரபாய்க்கு ஆபரேஷன், மாப்ளே.”

“அப்ப அது அக்காவோட காரணம். உங்க விருப்பம் இல்ல.”

சாம்ராஜ் யோசித்தார். இங்கே கழிவறையில் கம்பி இருக்கிறது, இடது கையால் பிடித்துக்கொண்டு தாமாகவே போய்வரலாம், அதற்காகத்தான் என்றார். அது வசதி என்றார் ஜெர்சோன். லாட்ஜுக்குப் போகிறவன்கூட வசதிக்குத்தான் போகிறான், அதை விருப்பம் என்று எழுத முடியுமா? சரி, வீட்டில் தூக்க வேறு ஆள் இல்லை, மகன் ஹைதராபாத்தில் இருக்கிறான் என்றார் சாம்ராஜ். அது கட்டாயம் என்று தனிக் கட்டத்தில் குறிக்கப்பட்டது. கட்டாயத்தின் பேரில் வருகிறவர்களைச் சேர்ப்பது மனித உரிமை மீறல்.

“அப்ப ஒரு காரணமும் இல்ல மாப்ளே. சும்மா தோணுச்சு, வாரேன்.”

ஜெர்சோன் பேனாவைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. மூன்று வருடத்தில் இப்படிச் சுத்தமான விருப்பத்தை அவர் பார்த்ததில்லை என்றார். பிறகு பேனாவை எடுத்து, ‘காரணமின்றி விரும்புகிறார், மனநலச் சான்று அவசியம்’ என்று எழுதினார்.

தென்காசியில் மனநல மருத்துவர் இருந்தார். வாடகை வேனில் போய் வந்தார்கள். ஏற்ற ஒரு தடவை, இறக்க ஒரு தடவை, அங்கே மாடிப்படியில் ஒரு தடவை, திரும்பவும் அதே மூன்று. ஆறு தடவையும் சுந்தரபாய் அடிவயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு தூக்கினார். உங்களுக்கு என்ன செய்கிறது என்று டாக்டர் கேட்டார். இல்லத்தில் சேர வேண்டும் என்றார் சாம்ராஜ். ஏன் என்று கேட்டதற்கு, ஒரு காரணமும் இல்லை என்று அவர் மனப்பாடமாகச் சொன்னார். டாக்டர் சுந்தரபாயைப் பார்த்தார். நாற்காலி நுனியில் உட்கார முடியாமல் உட்கார்ந்திருந்த அவரை மறுபடி ஒரு முறை பார்த்துவிட்டு, ‘மிகத் தெளிவாக இருக்கிறார்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்தது ஓலை.

ஓலை ஜெர்சோனின் கண்டுபிடிப்பு. கிறிஸ்தவக் கல்யாணத்துக்கு முன்னால் சபையில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று கேட்பார்கள். கல்யாணத்தில் ஒருவர் வேறொரு வீட்டுக்குப் போகிறார், இங்கேயும் ஒருவர் வேறொரு வீட்டுக்குத்தானே போகிறார் என்று ஜெர்சோனுக்குத் தோன்றியது. ஆகவே கனிவகத்தில் சேர விரும்புகிறவருக்கும் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கப்படும். எல்லா மதத்தாருக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்பதால் சபையில் இல்லை, தெருவில், ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி. தடை சொல்கிறவர் பெயர் எழுத வேண்டியதில்லை. காரணமும் எழுத வேண்டியதில்லை. விரும்புவதற்குத்தான் காரணம் தேவை. தடுப்பதற்கு அன்பு போதும் என்று விதிமுறைப் புத்தகத்தில் இருந்தது. மூன்றாம் ஓலை முடிகையில் ஒரே ஒரு தடை நின்றாலும் மறுபடி முதல் ஓலையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

வாசித்தவர் இல்லத்தின் அட்டெண்டர் காளிராஜ். சங்கரன்கோவிலில் ஆட்டோவில் மைக் கட்டினால் அது அநேகமாகத் துட்டி, அதாவது சாவுச் செய்தி, சொல்லத்தான் இருக்கும். அதைச் சொல்கிறவரும் அநேகமாகக் காளிராஜாகத்தான் இருப்பார். அவர் தொண்டைக்கு ஒரே ராகம்தான் தெரியும். முதல் ஓலை ஞாயிறு, காலை ஒன்பது மணிக்கு அந்த ராகத்தில் சாம்ராஜின் பெயர், தகப்பனார் பெயர், முன்னாள் டைம் கீப்பர் என்கிற விவரம் எல்லாம் தெருவழியே போயின. ஒன்பதரைக்கு எதிர்வீட்டு செல்லச்சாமி பூ மார்க்கெட்டிலிருந்து சம்பங்கி மாலையோடு வந்தார். சாம்ராஜ் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, இருக்கியளா?”

இருக்கிறேன் என்று சாம்ராஜ் ஒப்புக்கொண்டார். பத்து மணிக்குள் இன்னும் நான்கு மாலைகள் வந்தன. சுந்தரபாய் எல்லாருக்கும் காப்பி போட்டார். செய்தி என்னவென்று விளக்கமாகத் தெரிந்ததும் வந்தவர்களின் முகம் இன்னும் வாடிப்போயிற்று. செத்திருந்தால்கூட இப்படி வாடியிருக்காது. அது இயற்கை. இது தெருவுக்கு அவமானம்.

“நாங்க இத்தனை பேரு இருக்கையில உங்கள இல்லத்துல கொண்டு விட்டுட்டாங்கன்னா, ஊருக்குள்ள எங்கள என்ன சொல்லுவான்?” என்றார் செல்லச்சாமி. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மாலையைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்பதால் ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு, நேராகக் கனிவகம் போய்த் தடை எழுதினார்.

சாயங்காலத்துக்குள் பதினான்கு தடைகள் விழுந்தன. பெயர் தேவையில்லை என்றாலும், அன்பு யாருடையது என்று தெரிய வேண்டுமென்று எல்லாரும் பெயர் எழுதியிருந்தார்கள். மகன் ரெஜின் ஹைதராபாத்திலிருந்து மின்னஞ்சலில் இரண்டு பக்கம் எழுதியிருந்தான். அப்பாவை நெஞ்சில் சுமப்பதாக அதில் இருந்தது. அம்மாவின் ஆபரேஷன் தேதியை அவன் கேட்கவில்லை. தன் நண்பர்கள் பார்க்கிற வாட்ஸ்அப் குழுவில் இந்த விஷயம் வரக்கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஜெர்சோன் பதினான்கையும் வாசித்துவிட்டு அத்தானிடம் மனம்விட்டுப் பேசினார். தடை எழுதுகிற இந்தக் கூட்டத்தைப் போல ஏமாற்றுக்காரர்கள் உலகத்தில் இல்லை, பேனாவைத் தவிர வேறெதையும் தூக்கமாட்டார்கள், மூன்று வருடமாக இவர்களால்தான் தம்முடைய கட்டில்கள் காலியாகக் கிடக்கின்றன என்று குமுறினார். ஆனால் விதிமுறையை மீற முடியாது. விதிமுறை தம்முடையது.

சாம்ராஜ் அந்த விதிமுறைப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய் இரண்டு நாள் வாசித்தார். பத்தொன்பதாம் விதி அவர் கண்ணில் பட்டது. தடை சொன்னவர்கள் தங்கள் அன்பை முதியவரிடம் நேரில் வெளிப்படுத்த வாய்ப்பளிக்கப்பட வேண்டும் என்று அதில் இருந்தது. யாரும் அதுவரை அந்த வாய்ப்பைக் கொடுத்ததில்லை.

சாம்ராஜ் இடது கையால் டூட்டி சார்ட் போட்டார். காலை 5.45, கட்டிலிலிருந்து கழிவறை. 6.10, கழிவறையிலிருந்து நாற்காலி. 9.30, நாற்காலியிலிருந்து கட்டில். இப்படி எட்டு டிரிப். ஒவ்வொன்றுக்கும் எதிரே தடை சொன்னவர் ஒருவர் பெயர். செல்லச்சாமிக்கு முதல் டிரிப். காளிராஜே அதைக் கொண்டுபோய் வீடுவீடாகக் கொடுத்தார்.

செல்லச்சாமி சொன்ன நேரத்துக்கு வந்தார், அதில் குறை சொல்ல முடியாது. இவ்வளவுதானா அண்ணாச்சி என்று கேட்டு, மூட்டை தூக்குகிறவரைப் போலக் குனிந்து மூச்சைப் பிடித்துத் தூக்கினார். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தார்கள். சுந்தரபாய் முதலில் கணவரையும், பிறகு செல்லச்சாமியையும் தூக்கிவிட்டார். மறுநாள் 5.45-க்கு யாரும் வரவில்லை. ஆறு மணிக்கு, இடுப்பில் சுளுக்கெண்ணெய் வாசத்தோடு வாசலில் நின்றுகொண்டே செல்லச்சாமி சொன்னார்:

“அண்ணாச்சி, யோசிச்சுப் பாத்தேன். உங்க விருப்பத்துல தலையிட நாம யாரு? நான் வாபஸ் வாங்கிக்கிடுதேன்.”

மற்றவர்கள் அவ்வளவு தூரம்கூட வரவில்லை. சார்ட்டைப் பார்த்ததுமே அவர்களுக்கு சாம்ராஜின் விருப்பத்தின் மேல் பெரிய மரியாதை உண்டாயிற்று. ரெஜினுக்கு விடுமுறை எடுத்து வரும்படி பத்து நாள் போட்டிருந்தது. அவனுடைய வாபஸ் நான்கு நிமிடத்தில் வந்தது, ஒரே வரி.

இரண்டாம் ஓலைக்கு ஒரு தடையும் இல்லை.

கனிவகத்தின் வரலாற்றில் முதல் முறையாக இது நடந்ததால் ஜெர்சோன் அன்று சாயங்காலமே ஹாலில் விழா வைத்தார். ஒரு கட்டிலின் பிளாஸ்டிக் உறையை நீக்குவதுதான் விழா. மைக் முன்னால் அவருக்குப் பழைய பள்ளிக்கூடப் பிரார்த்தனைக் கூட்டத் தமிழ் வந்துவிட்டது.

“அன்பர்களே! ஆட்சேபிக்கிறவன் யார்? சொந்தக்காரன் என்று நெஞ்சைத் தட்டுகிறவன். அந்தக் கையைச் சற்று நீட்டு என்றால் பைக்குள் விட்டுக்கொள்கிறவன். குடும்ப மானம் போகிறதாம். யாருடைய மானம்? நனைந்த படுக்கையில் கிடக்கிறவருக்கு மானம் இல்லையா? எங்கள் இல்லத்தில் ஒரு முதியவர் சேர்வதைத் தடுக்க ஒரு துண்டுச் சீட்டு எழுதுகிறவன், அந்த முதியவரின் படுக்கையில் ஒரு நாள் படுத்துப் பார்க்கட்டும். கோழைகள்!”

எல்லாரும் கைதட்டினார்கள். செல்லச்சாமி சற்று அதிகமாகவே தட்டினார். இடது கையை மட்டும் வைத்துக்கொண்டு தட்ட முடியாததால் சாம்ராஜ் தொடையில் தட்டினார். சுந்தரபாய் பின்வரிசையில் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். உட்கார்ந்தால் எழுந்திருக்க நேரமாகிறது. உறையைப் பாதி நீக்கியதும், மீதி சேர்க்கையன்று என்று ஜெர்சோன் அறிவித்தார்.

தடை இல்லை என்கிற செய்தி தடையைவிட வேகமாகப் பரவிற்று. டீக்கடையில், குழாயடியில், சபை முடிந்து செருப்பு மாட்டுகிற இடத்தில் எல்லாம் சாம்ராஜுக்காகப் பரிதாபப்பட்டார்கள். தடை சொல்ல ஒரு நாதி இல்லையாம். கூடப் பிறந்தவன், பெற்ற மகன், ஒருத்தனும் வேண்டாமென்று சொல்லவில்லையாம். முன்பு தடை எழுதி வாபஸ் வாங்கிய ஊர்க்காரர்கள்தான் அதிகமாகப் பரிதாபப்பட்டார்கள். வாரத்தின் நடுவில் பரிதாபம் சாம்ராஜைக் கடந்து சுந்தரபாயின் பிறந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அவர்கள் குடும்பத்தில் ஆண்பிள்ளைகளே இல்லையா? இருக்கிறார்களே, இல்லத்துச் செயலரே தம்பிதானே? ஓகோ, தம்பிதான் தள்ளுகிறாரா?

அடுத்த மாதம் சபையின் சேகரக் கமிட்டித் தேர்தல். ஜெர்சோன் நிற்கிறார். நோட்டீஸில் ‘குடும்பத் தலைவர்’ என்றுதான் தம்மைப் பற்றி முதல் வரியில் போட்டிருந்தார்.

மூன்றாம் ஓலை ஞாயிறு. காளிராஜ் காலையில் தெருவைச் சுற்றி வந்தார். யாரும் மாலையோடு வரவில்லை. யாரும் கதவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. தடைப்பெட்டி கனிவகத்தின் ஹாலில், பாதி உறை நீக்கிய கட்டிலின் பக்கத்தில் மேஜை மேல் இருந்தது. மர உண்டியல், மேலே ஒரு துவாரம். மாலை ஆறு மணிக்குத் திறப்பார்கள். காலியாக இருந்தால் அப்போதே சேர்க்கை. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் சுந்தரபாய் திருநெல்வேலிக்குப் போய் ஆஸ்பத்திரியில் படுத்துவிடலாம்.

ஐந்தரைக்கு இருவரும் ஆட்டோவில் வந்துவிட்டார்கள். சாம்ராஜை ஹாலில் பெட்டிக்கு நேர் எதிரே நிறுத்திவிட்டு, காளிராஜ் டீ வாங்கப் போனார். சுந்தரபாய் வாசலில் பைகளை இறக்கிக்கொண்டிருந்தார். ஒரு பையில் கணவரின் வேட்டிகள், மருந்து, பைபிள். இன்னொன்றில் தமக்கு இரண்டு நைட்டி, ஆஸ்பத்திரிச் சீட்டு.

ஜெர்சோன் பெட்டியைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்தார். சத்தம் இல்லை. அத்தானைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார். இந்தப் பெட்டியின் வெறுமைதான் தமது வாழ்நாள் சாதனை என்றும், நாளைக்கே எல்லாப் பத்திரிகைக்கும் எழுதப்போவதாகவும் சொன்னார். அப்போது போன் அடித்தது.

வாசுதேவநல்லூரில் இருக்கிற ஜெர்சோனின் பெரியண்ணன். வயதானவர், காது மந்தம், அதனால் அவர் பேசுவது ஹால் முழுக்கக் கேட்டது.

“ஏலே ஜெர்சோன், இவ்வளவு பெரிய குடும்பத்துல ஒருத்தன் வேண்டாம்னு சொல்லல. நாளைக்கு ஓட்டு கேட்டு எந்த மூஞ்சியோடலே போவ?”

ஜெர்சோன் விருப்பத்தின் தத்துவத்தை விளக்கத் தொடங்கினார். மறுமுனையில் வைத்துவிட்டார்கள். வைத்த கையோடு இன்னொரு அழைப்பு, மேலநீலிதநல்லூரிலிருந்து. அதற்கு ஜெர்சோன் தலையை மட்டும் ஆட்டினார். மூன்றாவது அழைப்பை எடுக்காமல் போனை மேஜை மேல் கவிழ்த்து வைத்தார். அது மேஜையோடு சேர்ந்து கொஞ்ச நேரம் அதிர்ந்துவிட்டு அடங்கியது.

மணி ஆறாகப் பத்து நிமிடம் இருந்தது. ஜெர்சோன் எழுந்து ஜன்னல் வரைக்கும் போனார். வாசலில் சுந்தரபாய் பையைக் கீழே வைத்து, நின்று, மூச்சு வாங்கி, மறுபடி தூக்குவது தெரிந்தது. ஜன்னலை விட்டுத் திரும்பி வந்தார். பிறகு பெட்டிக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த தடைச் சீட்டுகளில் மேலாக ஒன்றை எடுத்தார்.

சீட்டில் நிரப்ப அதிகமில்லை. பெயர், தேவையில்லை. காரணம், தேவையில்லை. ஒரு கட்டம், அதில் ஒரு டிக். முப்பத்திரண்டு வருடம் விடைத்தாள் திருத்திய கை, அழகாகப் போட்டது.

சாம்ராஜ் பார்த்துக்கொண்டே இருந்தார். சக்கர நாற்காலியை இடது கையால் தள்ளினால் அது வட்டமாகச் சுற்றுமே தவிர முன்னால் போகாது. அவர் தள்ளவும் இல்லை.

“மாப்ளே” என்றார். “காலைல அஞ்சே முக்கால் டிரிப்புக்கு உன் பேரைப் போட்டுக்கிடட்டுமா?”

 ஜெர்சோன் சீட்டை நான்காக மடித்துத் துவாரத்தில் வைத்தார். மடிப்புத் தடித்துப் பாதியில் நின்றுவிட்டது. அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து, சத்தம் போடாமல் ஒரு ஸ்கேலை எடுத்து, அதன் நுனியால் சீட்டை மெதுவாக உள்ளே தள்ளிவிட்டார்.